முதல் டாங்கி: பக்ரி சாலையிலும் பிள்ளைகளின் கையிலும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தவறாமல் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் ரிமோட் டாங்கி வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எதை வாங்கலாம்? எந்த பேட்டரி நல்லது?" என்பதே அது. அண்மைக் காலமாக மாணவியரின் பெற்றோரும் இதையே கேட்கின்றனர் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வாசலில் நின்று ஓரிரு சொற்களில் விடை கூறிவிடலாம்தான். ஆனால், இந்தச் சிறு விளையாட்டுப் பொருளுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் ஜொகூர் மாநிலத்துச் சாலையிலேயே எழுதப்பட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் விடை முழுமை பெறும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குச் செல்வோர் டாங்கியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, மின்கலனைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கின்றனர். வரிசை மாறி நடக்கிறது. டாங்கியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, மின்கலனே முதலில் முடிவு செய்யப்பட வேண்டியது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டு வந்துள்ளது.

தொலைவிலிருந்து இயக்கும் ஆசை

கையால் தொடாமல் ஒரு பொருளை இயக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1890களின் நடுவில், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பி எதுவும் இல்லாமல் மின்காந்த அலையைச் செலுத்தித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, வானொலி அலையால் அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்கள் வியந்தனர். அப்படகின் வயிற்றுக்குள் இருந்ததும் மின்கலன்தான்.

விளையாட்டாகத் தோன்றிய இந்த வித்தையைப் படைத்துறையினர் விட்டுவைப்பார்களா? 1930களில் சோவியத் நாடு ஆளில்லாத டாங்கிகளை உருவாக்கியது. பின்னால் வரும் மற்றொரு டாங்கியில் அமர்ந்தவர் வானொலி அலைவழி அதைச் செலுத்துவார். பின்லாந்துடன் 1939–40இல் நடந்த குளிர்காலப் போரில் அவை களமிறக்கப்பட்டன. அடுத்து ஜெர்மனியர் 1942இல் 'கோலியாத்' என்னும் குட்டி வண்டியைக் கொண்டுவந்தனர். பெயர்தான் கோலியாத், உயரமோ இரண்டடிக்கும் குறைவு. அலையால் அன்று, பின்னால் இழுபடும் கம்பியால் இயங்கியது. 60 கிலோ வெடிமருந்தைச் சுமந்துகொண்டு எதிரியின் அரணை நோக்கி ஊர்ந்து சென்று, தானும் வெடித்துவிடும்.

கோலியாத்தின் முதல் வகையில் இரண்டு மின்விசைப்பொறிகளும் மின்கலன்களும் இருந்தன. ஒருமுறை மட்டுமே பயன்பட்டு அழிந்துபோகும் வண்டிக்கு அந்த மின்கலன்களின் விலை தாங்க முடியாததாயிற்று. களத்தில் அவற்றுக்கு மின்னேற்றுவதும் பெரும் தொல்லையாக இருந்தது. ஆகவே அடுத்த வகையில் மின்கலனைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிறு பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தினர். இன்று ஒரு தகப்பனார் கடையில் நின்று, "டாங்கியின் விலை ஒன்று, பேட்டரியின் விலை ஒன்றா?" என்று பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோலியாத் நினைவுக்கு வரும்.

இடைச்செருகலாக ஒரு தமிழ்நாட்டுச் செய்தி. சென்னையை அடுத்த ஆவடியில் கன ஊர்திகள் தொழிற்சாலையும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. அர்ஜுன் டாங்கி பிறந்த இடம் அதுதான். அந்த ஆராய்ச்சி நிலையம் 2017இல் 'முந்த்ரா' என்னும் ஆளில்லாத் தொடர்பட்டை ஊர்தியை அறிமுகப்படுத்தியது. நம் பிள்ளைகள் கையில் பிடித்து விளையாடும் அதே வித்தையின் பெரிய உருவம் ஆவடியில் உருவாகியிருக்கிறது என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

மின்கலன் வகுத்த அளவு

உருமாதிரி டாங்கிகளின் கதை ஜப்பானின் ஷிசுவோகா நகருக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. அங்குள்ள தமியா நிறுவனம் போருக்குப் பின் மர வணிகத்தில் தொடங்கி, மரத்தாலான உருமாதிரிகளுக்கு வந்து, பிறகு நெகிழிக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை உருமாதிரியாக வெளியிட்டது. உள்ளே ஒரு சிறு விசைப்பொறி, தானாக ஓடும். சிறுவர்கள் மொய்த்துக்கொண்டனர்.

அதன் அளவு உண்மை டாங்கியில் 35இல் ஒரு பங்கு. ஏன் 35? முப்பதாகவோ நாற்பதாகவோ வைத்திருந்தால் கணக்கிட எளிதாக இருந்திருக்குமே என்று தோன்றும். நிறுவனத்தை வழிநடத்திய ஷுன்சாகு தமியா இதைப் பின்னாளில் விளக்கியுள்ளார். உள்ளே இரண்டு உலர் மின்கலன்கள் அடங்க வேண்டும். அதற்கேற்ற வயிறு வேண்டும். அப்படிச் செய்து முடித்த பின் அளந்து பார்த்தால் 35இல் ஒரு பங்கு வந்து நின்றது! அடுத்தடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தனர். பிற நிறுவனங்களும் பின்பற்றின. இன்று உலகெங்கும் படைத்துறை உருமாதிரிகளுக்கு அதுவே வழக்கமான அளவு. விசைப்பொறியே இல்லாத, அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் டாங்கிகளும் அந்த இரண்டு மின்கலன்களின் அளவுக்கே இன்றுவரை கட்டுப்பட்டு நிற்கின்றன. எனக்குத் தெரிந்த தொழில்நுட்ப வரலாற்றுச் செய்திகளில் இதைவிடச் சுவையானது அரிது.

1974இல் அதே நிறுவனம் 16இல் ஒரு பங்கு அளவில் ஷெர்மன் டாங்கியை வானொலிக் கட்டுப்பாட்டுடன் வெளியிட்டது. அதன் முதல் வானொலிக் கட்டுப்பாட்டு உருமாதிரியே டாங்கிதான். பந்தய மகிழுந்துகள் எல்லாம் பிறகு வந்தவை. நெடுங்காலம் இது பணமுள்ள பெரியவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. பின்னர்ச் சீனாவின் சாந்தோ வட்டாரத்து ஹெங் லோங் போன்ற நிறுவனங்கள் அதே 16இல் ஒரு பங்கு அளவில் விலை மலிந்த டாங்கிகளைத் தந்த பிறகே, நம்மைப் போன்ற ஆசிரியர் குடும்பங்களுக்கும் அவை எட்டின.

ஜொகூருக்கு வந்த டாங்கி

இனி நம் மாநிலத்துக்கு வருவோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். மலாயாவின் காடும் சதுப்பும் டாங்கிக்கு ஒத்துவராது என்ற எண்ணம் ஆங்கிலேயரிடம் இருந்தது. போர் தொடங்கியபோது மலாயாவில் அவர்களிடம் ஒரு டாங்கி கூட இல்லை. ஜப்பானியரோ இருநூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளைக் கொண்டுவந்தனர். காட்டுக்குள் அவர்கள் ஓட்டவில்லை. ஆங்கிலேயர் போட்டு வைத்த நல்ல தார்ச்சாலையிலேயே ஓட்டினர்! 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியலுக்கு முன், பேராக்கின் சிலிம் ரிவரில் அந்த டாங்கிகள் சாலை வழியே புகுந்து இந்தியப் படையணிகளின் வரிசையைப் பிளந்தன. அங்கிருந்த சிப்பாய்களில் மிகப் பலர் அதற்கு முன் டாங்கி என்பதையே கண்ணால் கண்டதில்லை.

அடுத்தது மூவார். மூவார் ஆற்றைக் காக்கும் பொறுப்பு 45ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடிடம் இருந்தது. ராஜபுதன, ஜாட், கர்வால் படையணிகளைச் சேர்ந்த அவர்களில் பலர் பயிற்சி முற்றுப்பெறாத, மீசை அரும்பும் வயதினர். ஜனவரி 15, 16ஆம் நாள்களில் ஜப்பானியர் ஆற்றைக் கடந்துவிட்டனர். பின்வாங்கிய படையினர் பக்ரியில் திரண்டனர். உதவிக்கு ஆஸ்திரேலியப் படையணி ஒன்று வந்து சேர்ந்தது.

ஜனவரி 18ஆம் நாள் காலை. மூவாரிலிருந்து பக்ரிக்கு வரும் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் வரிசையாக வந்தன. எட்டு என்றும் ஒன்பது என்றும் நூல்கள் கூறும். காலாட்படையின் துணையில்லாமல், சிலிம் ரிவரில் வென்ற துணிச்சலோடு வந்தன. சாலையோரத்தில் ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் மறைந்திருந்தன. முதலில் இரும்பைத் துளைக்கும் குண்டுகளைச் சுட்டனர். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது, டாங்கி நிற்கவில்லை! தகடு அவ்வளவு மெல்லியது. பிறகு வெடிக்கும் குண்டுக்கு மாறினர். வந்த டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாலையிலேயே எரிந்து கிடந்தன.

அந்த டாங்கியின் பெயர் 95ஆம் வகை 'ஹா-கோ'. எடை 7.4 டன். உள்ளே மூன்று பேர். மிகத் தடித்த இடத்திலும் தகட்டின் தடிப்பு 12 மில்லிமீட்டர்தான். உங்கள் பிள்ளையின் அடிக்கோலில் காட்டிப் பாருங்கள். 120 குதிரைத்திறன் டீசல் இயந்திரம். மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடும். ஏன் இவ்வளவு மெல்லிய தகடு? தகடு தடித்தால் எடை கூடும்; எடை கூடினால் பெரிய இயந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும்; கப்பலில் ஏற்றுவது கடினம், சிறு பாலங்களைக் கடப்பது அதைவிடக் கடினம். எடையைக் குறைத்துக்கொண்டதால்தான் மலாயாவின் நீளம் முழுவதும் அவர்களால் அதை ஓட்டிவர முடிந்தது. அதே காரணத்தால்தான் பக்ரியில் அது தகர டப்பாவைப் போல் துளைக்கப்பட்டது. எதையாவது பெற்றால் எதையாவது இழந்தே தீர வேண்டும் என்பதைப் பொறியியலாளர் நன்கறிவர். மின்கலனைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையும் இதையே அறியப் போகிறது.

டாங்கிகள் எரிந்ததால் போர் திசைமாறிவிடவில்லை. பக்ரியில் இருந்தோர் சூழப்பட்டனர். பிரிகேடின் தளபதி டங்கன் கொல்லப்பட்டார். எஞ்சியோரை ஆண்டர்சன் என்னும் ஆஸ்திரேலிய அதிகாரி வழிநடத்திப் பாரிட் சூலோங் வரை கொண்டு வந்தார். அங்கே பாலம் ஜப்பானியர் கையில். ஆற்றைக் கடக்க வழியின்றிச் சதுப்பு வழியே தப்பி, ஏறத்தாழ 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும் மட்டுமே யோங் பெங்கை அடைந்தனர். நடக்க முடியாத காயக்காரர்கள் பாரிட் சூலோங்கில் விடப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியரும் நாற்பது பேர் அளவிலான இந்தியரும் ஜனவரி 22ஆம் நாள் அங்கே கொன்று எரிக்கப்பட்டனர். அதற்காக ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார். ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அச்சாலைகளின் இருமருங்கும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களில் பல்லாயிரவர் பின்பு சயாம் இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டதையும், திரும்பாதவர் எத்துணையோ பேர் என்பதையும் நான் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பல வீடுகளில் அது குடும்பக் கதை.

அப்படியானால் டாங்கி வாங்கித் தரலாமா?

ஒரு தாயார் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "எங்கள் பாட்டன் சயாமில் செத்தவர் சார். அவர் கொள்ளுப்பேரன் கையில் டாங்கியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை." இதற்கு உடனே விடை சொல்ல இயலாது. அவர் மனத்தை மாற்றவும் நான் முயலவில்லை. மனம் வராதவர்களுக்கு மண்வாரி இயந்திரமும் பாரந்தூக்கியும் வானொலிக் கட்டுப்பாட்டுடன் அதே கடையில் கிடைக்கின்றன. கற்கும் பாடம் குறையாது.

என் கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. கடை அலமாரியைப் பாருங்கள். டைகர், பாந்தர், ஷெர்மன், டி-34 என்று ஐரோப்பியப் போர்க்களமே வரிசையாக நிற்கும். ஜொகூர் மண்ணில் ஓடிய ஹா-கோ அங்கே கண்ணில் படுவதில்லை. மூவாரில் பிறந்த பையனுக்கு டைகர் டாங்கியின் தகட்டுத் தடிப்பு மனப்பாடம். வீட்டிலிருந்து மிதிவண்டித் தொலைவில் என்ன நடந்தது என்பது தெரியாது. டாங்கியை வாங்குவதால் வரும் கேடு சிறிது. கதையில்லாமல் வாங்குவதால் வரும் இழப்பு பெரிது என்பது என் கருத்து. ஆகவே டைகரை வாங்கினாலும், பக்ரிச் சாலையின் கதையை அதனுடன் சேர்த்துக் கொடுங்கள். ஹா-கோவே வேண்டும் என்பவர்களுக்கு 35இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் நெகிழி உருமாதிரிகள் உண்டு. 12.5 சென்டிமீட்டர் நீளம்தான். ஓடாது, ஆனால் பேசும்.

எதை வாங்கலாம்?

முதல் டாங்கிக்கு 16இல் ஒரு பங்கு அளவே ஏற்றது. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும். பிள்ளையின் விரல்கள் உள்ளே நுழைந்து பழுதுபார்க்க இடமிருக்கும். பற்சக்கரங்கள் உலோகமாக இருப்பது நல்லது. அங்கேதான் முதலில் தேய்மானம் வரும். தொடர்பட்டை நெகிழியாகவே இருக்கட்டும். எல்லாம் உலோகம் என்று பெருமை பேசும் வகைகளில் எடை கூடி, மின்கலன் விரைவில் தீரும். ஹா-கோவின் கணக்கு இங்கும் செல்லும்.

நெகிழிக் குண்டு சுடும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணுக்கு ஆபத்து, போலித் துப்பாக்கிகள் குறித்து நம் நாட்டுச் சட்டமும் கடுமையானது. அகச்சிவப்பு ஒளியால் 'சுட்டு' விளையாடும் வகை போதும். கட்டுப்படுத்தும் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதாக இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகளில், அண்டை வீட்டுப் பையன் தன் வண்டியை ஓட்டினால் உங்கள் டாங்கியும் சேர்ந்து ஆடும்.

இனி மின்கலன். பழைய டாங்கிகளுடன் வந்தது நிக்கல்-காட்மியம். ஸ்வீடன் நாட்டு யுங்னர் 1899இல் கண்டுபிடித்தது. உறுதியானது, ஆனால் காட்மியம் நச்சு உலோகம். பழைய டாங்கியை யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் இதைக் கவனியுங்கள். 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தது நிக்கல்-உலோக ஹைட்ரைடு. முதல் டாங்கிக்கு இதுவே என் தேர்வு. ஒரு கலனுக்கு 1.2 வோல்ட்டு, ஆறு கலன்களை வரிசையாக இணைத்தால் 7.2 வோல்ட்டு. முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், சும்மா வைத்திருந்தாலும் மின்னேற்றம் கசிந்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் விரைவாகக் கசியும். மெல்லக் கசியும் வகைகள் 2005 முதல் கிடைக்கின்றன.

அடுத்தது லித்தியம். 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி வகையும், பின்னர் வந்த லித்தியம்-பாலிமர் வகையும் எடை குறைந்தவை, ஆற்றல் மிக்கவை. இரண்டு கலன்களில் 7.4 வோல்ட்டு கிடைத்துவிடும். புதிய டாங்கிகள் பல இவற்றுடனேயே வருகின்றன. ஆனால் இவை மன்னிக்கும் குணமற்றவை. ஒரு கலன் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக்கூடாது. அதற்குரிய மின்னேற்றியைத் தவிர வேறு எதிலும் செருகக்கூடாது. என் மாணவர் ஒருவரின் தந்தை, வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் லித்தியம் மின்கலனை ஒரு நண்பகல் முழுவதும் விட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது அது தலையணை போல் உப்பியிருந்தது. தீப்பற்றாமல் போனது நற்பேறு. பெரியவர் உடனிருந்து கவனிக்க இயலுமானால் மட்டுமே லித்தியம் வாங்குங்கள்.

மின்னேற்றும் நேரம் எளிய கணக்கு. நான்காம் ஆண்டுப் பிள்ளையே போடலாம். மின்கலனின் மேல் 2000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. டாங்கி சராசரியாக 2 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓடும். பெட்டியுடன் வரும் சிறு மின்னேற்றி 200 மில்லிஆம்பியர் மட்டுமே தருமானால், நிரம்பப் பத்து மணிக்கு மேல் ஆகும். இழப்பையும் சேர்த்தால் பதினான்கு மணி. ஒரு மணி விளையாட்டுக்குப் பதினான்கு மணிக் காத்திருப்பு என்றால் எந்தப் பிள்ளை பொறுக்கும்? ஆகவே டாங்கியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நிரம்பியதும் தானே நின்றுவிடும் நல்ல மின்னேற்றி ஒன்றையும் மாற்று மின்கலன் ஒன்றையும் வாங்குங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உறங்கும் நேரத்தில் மின்னேற்ற வேண்டாம். தீர்ந்துபோன மின்கலன்களை வீட்டுக் குப்பையோடு போடவும் வேண்டாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு கணக்கு. 16இல் ஒரு பங்கு நீளம் என்றால், எடை 16 × 16 × 16, அதாவது 4096இல் ஒரு பங்கு. 7.4 டன் ஹா-கோவின் எடை 1.8 கிலோவாகும், 57 டன் டைகருக்கோ ஏறத்தாழ 14 கிலோ வரும்! கடையில் விற்கும் நெகிழி டைகர் அதில் பாதி கூட இருக்காது. ஹா-கோவின் 45 கிலோமீட்டர் வேகமோ மணிக்கு 2.8 கிலோமீட்டராகும், சிறு பிள்ளை மெல்ல நடக்கும் வேகம். ஆகவே "இன்னும் வேகமாகப் போகிற டாங்கி இருக்கிறதா?" என்று கேட்கும் மாணவனை, முதலில் பள்ளித் திடலில் அந்த வேகத்தில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விடுமுறையில் மூவார், பத்து பகாட் பக்கம் செல்வோர் பாரிட் சூலோங் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, அங்குள்ள நினைவுச்சின்னத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். டாங்கியையும் கொண்டுபோவதாக இருந்தால், மின்கலனை மட்டும் மகிழுந்துக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.